பின் டயரில் காற்று

காலை ஆறு மணிக்கு நோர்லான் தன் சுற்றுலா வேனை விடுதி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது கிரனாதா நகரம் ஞாயிற்றுக்கிழமையைப் போல ஓய்ந்து கிடந்தது. ஆனால் அன்று வியாழன். சந்தைக்குப் போகும் குதிரை வண்டிகளைக் காணோம். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் எரிந்த ரப்பரின் வாடை லேசாகக் கலந்திருந்தது.

படியிறங்கி வந்தவள் பெயர் மரைக்கே. ஹாலந்துக்காரி. ஐம்பது வயதிருக்கும். பல வருடமாக இந்தப் பக்கம் வந்துபோகிறவள் என்பதால் ஸ்பானிஷ் தடங்கலில்லாமல் பேசினாள்.

“கூட்டம் பக்கம் போகக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது. யார்கிட்டயும் கட்சி பேசக்கூடாது. தூதரகத்துல சொன்னது இவ்வளவுதான். வேற ஏதாவது இருக்கா?”

“திரையை இழுத்து விட்டுக்குங்க. நான் சொல்லாம கதவைத் திறக்காதீங்க. மதியத்துக்குள்ள எல்லைக்குப் போயிடலாம்” என்றான் நோர்லான்.

“உங்களை நம்பித்தான் வர்றேன். போன கலவரத்துல நாலு பேரை ஒரு கீறல் படாம கொண்டுபோய் விட்டீங்களாமே. அவங்க எழுதினதைப் படிச்சேன்.”

அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் செய்வதையே அவன் இப்போதும் செய்தான். குனிந்து டயர்களைப் பார்த்தான்.

நான்கும் கல்போல இறுகியிருந்தன. மூன்று வருடமாக அவன் இந்த வண்டிக்குக் காற்று அடிக்கவில்லை. ஒரு பஞ்சர்கூட ஆனதில்லை. பின்பக்க வலது டயரின் வால்வு மேல், வழக்கம்போல, புதிதாக ஒரு துளி எச்சில் ஈரம் மினுங்கியது. காற்றுக் கசிகிறதா என்று பார்க்க பஞ்சர் கடைக்காரர்கள் விரலில் எச்சில் தொட்டு வைப்பார்களே, அது.

மரைக்கே பார்ப்பதற்குள் கட்டைவிரலால் துடைத்தான். ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.

எராஸ்மோ அப்படித்தான் செய்வார். ஊர்க் கோடியில் பஞ்சர் கடை வைத்திருந்தவர்; மரியாதைக்கு எல்லாரும் ‘தோன்’ எராஸ்மோ என்பார்கள். “டேய் நோர்லான், உன் டயரைவிட என் மொட்டைத் தலையில கோடு அதிகமா இருக்குடா” என்று கேலி செய்துகொண்டே, ஓட்டையில் செருகிய ரப்பர் திரியின் வாலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பார். பதினோரு வருடப் பழக்கம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதுபோல ஒரு காலையில், அந்தக் கடை வாசலில் போராட்டக்காரர்கள் தெருக் கற்களைப் பெயர்த்து அடுக்கி வழிமறித்திருந்தார்கள். நோர்லானின் வேனில் நான்கு கனடாக்காரர்கள். முன்கண்ணாடியில் ‘சுற்றுலா’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்ததால் இளைஞர்கள் கற்களை நகர்த்தி வழிவிட்டார்கள். அந்த நேரத்தில் எங்கிருந்தோ சுட்டார்கள். எல்லாரும் சிதறி ஓட, ஒரே ஒரு ஆள் மட்டும் விலாவைப் பிடித்துக்கொண்டு வேனை நோக்கி வந்தார். கண்ணீர்ப்புகைக்காக வினிகரில் நனைத்த துணியை மூக்குவரை கட்டியிருந்தார். கதவை உள்ளங்கையால் அறைந்தார்.

“நோர்லான். நான்தான்டா.”

பின்னாலிருந்த கனடாக்காரப் பெண் கேட்டாள். “பாவம், ஏத்திக்கலாமே. உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“தெரியாது” என்றான் நோர்லான். வண்டியை எடுத்தான்.

அதற்குப் பிறகு அந்தச் சாலைப் பக்கமே அவன் போனதில்லை. இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் கரும்புத் தோட்டத்து வழியாகவே போவான்.

இன்று கரும்புத் தோட்டத்து வழியில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். முகமூடி கட்டிய ஒருவன் சன்னலருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

“வெளிநாட்டு அம்மாவா? இந்தப் பக்கம் வேணாம் அண்ணே, பின்னாடி போலீஸ் வருது. பஞ்சர் கடை ரோட்டுல போ. ஆனா பாத்துப் போ, நேத்து ராத்திரி ரோடு பூரா ஆணி கொட்டிட்டானுங்க.”

“வேற வழி?”

“அது பிடிக்கலைன்னா வீட்டுக்குப் போய் படு” என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்தான்.

நோர்லான் வண்டியைத் திருப்பினான். 

சாலையில் ஒரு நாய்கூட இல்லை. முறுக்கி வளைத்த ஆணிகள் தார் முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஒதுங்க இடமில்லை. டயர் ஏறியது.

டக். டக்.

டக்.

வண்டி ஒருபக்கமும் சாயவில்லை.

வேனுக்குள் வினிகரின் புளித்த வாசனை பரவியது. மரைக்கே மூக்கைச் சுளித்தாள். “ஏதாவது கொட்டிடுச்சா?”

அவன் பதில் சொல்வதற்குள் பின்பக்கமிருந்து வேறொரு சத்தம் கேட்டது. காற்று இறங்கும் சத்தமல்ல.

மூச்சு.

இழுத்து, நிறுத்தி, வலியோடு விடுகிற மூச்சு. சக்கரம் சுழலச் சுழல அதுவும் கூடவே வந்தது.

“நிறுத்துங்க” என்றாள் மரைக்கே மெல்ல. “யாரோ இருக்காங்க.”

வண்டி தானாக நின்றதுபோலத்தான் இருந்தது. எதிரே அந்தக் கடை. வாசலில் டயர்கள் அடுக்கியிருந்தன. கையில் குறடோடு எராஸ்மோவின் மனைவி மெல்பா வெளியே வந்தாள். வேனையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். நேரே பின் சக்கரத்தருகே போய் உட்கார்ந்தாள்.

பின்பக்க வலது டயரில் ஏழு ஆணிகள் ஆழமாக இறங்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒரு ஓட்டையிலிருந்தும் காற்று வரவில்லை. உள்ளிருந்து ரப்பர் திரியின் நுனி எட்டிப் பார்த்தது. ஏழிலும். அவள் ஒரு நுனியை விரலால் தடவினாள்.

“கடிச்சிருக்கு” என்றாள். “அவரு முன்பல்லு கொஞ்சம் உடைஞ்சிருக்கும். அந்தத் தடம் இருக்கு. எப்பப் போட்டாரு?”

நோர்லான் வண்டியிலிருந்து இறங்கி வந்தான்.

“தினமும் வர்றாரு தோன்யா மெல்பா. விடியறதுக்குள்ள வந்துட்டுப் போயிடறாரு.” அவன் தரையில் மண்டியிட்டான். “அன்னிக்கு கதவைத் தட்டினது அவருதான்னு எனக்குத் தெரியும். குரல் தெரியும். வண்டியில இருந்தவங்க ஏத்திக்கலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் தெரியாத ஆளுன்னு சொல்லிட்டேன். அவங்க பாதுகாப்புக்குன்னு ஊர்ல சொல்லிக்கிட்டேன். எனக்குப் பயம், அவ்வளவுதான்.”

மரைக்கே கதவைத் திறந்து இறங்கி வந்தாள்.

“உள்ள இருந்து நான் எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்தேன்” என்றாள் மெல்பா. குரலில் கோபமில்லை, கோபம் இருந்திருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். “ஓடி வந்து மடியில தூக்கி வச்சுக்கிட்டேன். நீ திறக்கலைன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லல. ‘நோர்லான் பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, தூரம் போறான், பாத்தியா’ன்னாரு. அதுதான் கடைசிப் பேச்சு.”

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். “அந்த அம்மாவைக் கொண்டுபோய் விடு. நேரமாச்சு.”

எல்லையில் இறங்கும்போது மரைக்கே அவன் கையை இறுகப் பிடித்தாள். பிறகு வரிசையில் போய் நின்றாள். அவளும் ஒரு கீறல் படாமல் போய்ச் சேர்ந்தாள்.

பொழுது சாயும்போது நோர்லான் வேனை மெல்பாவின் கடை முன்னால் விட்டான். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ‘சுற்றுலா’ எழுத்தைச் சுரண்டி எடுத்தான். சாவியை அவளிடம் நீட்டினான்.

“எனக்கு ஓட்டத் தெரியாதே.”

“ஓட்டத் தெரிஞ்சவங்க இந்தத் தெருவுல நிறையப் பேர் இருக்காங்க. அடிபட்டவங்களை ஏத்திட்டுப் போகட்டும். எனக்கு இது வேணாம். இனிமே அவரும் என்னைத் தேடி வரவேண்டியதில்ல.”

மெல்பா சாவியை வாங்கிக்கொண்டாள். அவன் சொன்னதை நம்பினாளா என்பது முகத்தில் தெரியவில்லை.

அவன் ஏழு கிலோமீட்டர் நடந்தான். வீடு சேர்ந்தபோது செருப்பு இரண்டும் குதிகாலில் தேய்ந்து கிழிந்திருந்தன. வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டான். மூன்று வருடத்தில் முதல் முறையாக அசந்து தூங்கினான்.

காலையில் கதவைத் திறந்தான்.

செருப்புகள் வாசலில் ஜோடியாக, அவன் கால் வைக்க வசதியாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. இரண்டுக்கும் அடியில் கறுப்பு ரப்பரில் புதுக் குதிகால் ஒட்டியிருந்தது. கையில் எடுத்தான்.

பசை இன்னும் காயவில்லை.