ஏழாம் தட்டு

நான்காம் தட்டு பச்சையாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிர அதற்கு ஒரு காரணமும் இல்லை.

தேவதர்ஷினி நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்துக் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். தேர்வாய் கண்டிகையில், மூன்று பக்கமும் தொழிற்சாலைச் சுவர்கள் நெருக்கிக்கொண்டு நின்ற அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கத்திரி வெயில் காலை பதினொரு மணிக்கே தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணி போட்டு மூடிய இந்த நுண்ணோக்கி அறையில் மட்டும் எப்போதும் இருட்டு, எப்போதும் இருபத்திரண்டு டிகிரி. ஆனாலும் எங்கிருந்தோ காய்ந்த இரும்பின் வாடை உள்ளே நுழைந்து அவள் மூக்கிலேயே உட்கார்ந்திருந்தது.

சூடு பட்டால் உடம்பின் செல் என்ன செய்யும் என்பதுதான் அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி. கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றில் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்யும் ஆறு பேரின் கையிலிருந்து அரிசி அளவு தோலை எடுத்து, அந்தச் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, சூடு தாங்காமல் அவை திணறும்போது பச்சையாக ஒளிரும்படி ஒரு மரபணுவையும் சேர்த்திருந்தாள். ஏழாம் தட்டில் இருந்தது அவளுடைய சொந்தத் தோல். ஒப்பிட்டுப் பார்க்க, உலைப்பக்கமே போகாத தோல் ஒன்று வேண்டுமே. அந்தத் தட்டை அவள் பார்ப்பதே அபூர்வம். சும்மா இருப்பதுதான் அதன் வேலை.

இன்றைக்கு எந்தத் தட்டுக்கும் அவள் சூடு காட்டவில்லை. தட்டுகளை வைக்கும் பெட்டி ஒழுங்காக முப்பத்தேழு டிகிரி காட்டியது.

போன செவ்வாய்க்கிழமை இதே போல இரண்டாம் தட்டு ஒளிர்ந்தது. அன்றும் மணி பதினொன்று. ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்று முணுமுணுத்தபடி பிளீச்சிங் ஊற்றிக் கழுவிக் கொட்டிவிட்டாள். சரியாக இரண்டு மணிக்கு உருக்காலையில் இரும்புக் குழம்பு சிதறி ரகு என்கிற ஆள் கருகிச் செத்தான். இரண்டாம் தட்டு ரகுவுடையது. தற்செயல் என்று எட்டு நாளாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். படித்தவர்களுக்கு ரொம்பவும் வசதியான வார்த்தை அது.

நான்காம் தட்டு குப்புராஜுடையது. குப்புராஜின் மனைவி ஈஸ்வரி இந்தக் கூடத்திலேயே வேலை செய்கிறாள். வெளியே தொட்டியில் குடுவைகளைக் கழுவும் சத்தம் கேட்டது.

தேவதர்ஷினி தட்டைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஈஸ்வரிக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு எந்த ஷிஃப்ட்?"

"ஃபஸ்ட் ஷிப்டுதான் மேடம். ரெண்டு மணிக்கி மேலதான் வுடுவாங்க. இன்னாத்துக்கு?"

"ரெண்டு மணிக்கு அவர் அங்க இருக்கக் கூடாது. உடனே வரச் சொல்லுங்க."

ஈஸ்வரி குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரகுக்கு ஆன மாரியா?"

தேவதர்ஷினி தலையாட்டினாள்.

"எங்க ஆளுங்க தோல எடுத்தீங்களே, அன்னிலேர்ந்தே மில்லுல பேசிக்கினுதான் கீறாங்க. நாந்தான் உங்களுக்காவ சண்ட போட்டுக்கினு இருந்தேன்."

ஆலைக்குள் வேலை செய்பவர்களின் போன்களை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தேவதர்ஷினி தன் போனை நீட்டினாள். ஈஸ்வரி கேட் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, கூட வேலை செய்பவள் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, "ஈஸ்வரி லேப்புல மயக்கமா வுழுந்துட்சுங்க, குப்புராஜ சீக்கிரம் அனுப்புங்க" என்றாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

ஒரு மணிக்குக் குப்புராஜ் வந்தான். மனைவி குத்துக்கல்லாக நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது.

"இன்னா மேடம், தோலுதான் எடுத்துக்கினீங்க. இப்ப ஆளையே இஸ்துக்கினு வந்துட்டீங்களா?"

"ரெண்டு மணி வரைக்கும் இங்கயே உட்காருங்க. அப்புறம் திட்டுங்க."

உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் மூன்று பேரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏசி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்துத் தொழிற்சாலையில் இரண்டு மணிச் சங்கு ஊதியது. சங்கு நின்றது. குப்புராஜ் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "போவட்டா?" என்று எழுந்தான்.

அப்போது, ஆலை கேட்டில் திரும்ப வாங்கி வந்திருந்த அவன் போன் அடித்தது. குப்புராஜ் கேட்டுக்கொண்டே மெல்ல மறுபடி உட்கார்ந்தான். அவன் நிற்கிற இடத்தில் குழம்புத் தொட்டியின் சங்கிலி அறுந்து இரும்புக் குழம்பு கொட்டியிருந்தது. அங்கே யாரும் இல்லை.

ஈஸ்வரி ஓவென்று அழுதபடி தேவதர்ஷினியின் கையை இறுகப் பிடித்தாள். சட்டென்று விட்டாள்.

"இன்னா மேடம், கை இப்பிடி கொதிக்குது?"

"பதற்றம்தான்" என்று சிரித்துவிட்டு அவள் நுண்ணோக்கி அறைக்குள் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நான்காம் தட்டு இருண்டிருந்தது. நல்ல, சுத்தமான, ஆரோக்கியமான இருட்டு. ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டாள். வரிசையாக மற்ற தட்டுகளையும் வைத்துப் பார்த்தாள். ஐந்து, இருட்டு. ஆறு, இருட்டு.

ஏழு.

பச்சை. தட்டு முழுக்கப் பச்சை.

பெட்டிக்குள் இருக்கும் கேமரா பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்கும். படங்களைப் பின்னால் தள்ளினாள். பதினொன்று பத்தில் நான்காம் தட்டு பச்சை, ஏழாம் தட்டு இருட்டு. பதினொன்று இருபதில் நான்கு இருட்டு, ஏழு பச்சை. அவள் போனை நீட்டிய நேரம். மூன்று மணி நேரமாக அது எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கவில்லை.

இப்போது மணி இரண்டு பதினேழு.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். எங்கே என்று தெரியவில்லை. கால் நகரவில்லை. சூடு பட்ட செல் முதலில் செய்வது அதைத்தான். செய்துகொண்டிருந்த எல்லா வேலையையும் நிறுத்திவிடும். எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறாள்.

கால் நின்றுவிட்டது. நாக்கும்.

இரும்பு வாடை. இப்போது மிக அருகில்.

கை மட்டும் அசைந்தது. நுண்ணோக்கி விளக்கை அணைத்தாள். அறை இருண்டிருக்க வேண்டும்.

இருளவில்லை.

வெளியே கைப்பிடி அசைந்தது. "மேடம்," ஈஸ்வரியின் குரல், "கதவ தொட முடியல. நெருப்பா சுடுது. உள்ள இன்னா பண்றீங்க?"

சுவரில் வெப்பமானியின் சிவப்பு எண்கள். இருபத்திரண்டு டிகிரி.

மணி இரண்டு இருபது.

பச்சை மரபணுவைத் தட்டில் இருந்த செல்களுக்குத்தான் கொடுத்திருந்தாள். தன் உடம்புக்குக் கொடுக்கவில்லை. தேவதர்ஷினி குனிந்து பார்த்தாள். விரல் நுனிகளில் தொடங்கி, உள்ளங்கை ரேகைகள் வழியாக, மணிக்கட்டைத் தாண்டி, அவள் கை பச்சையாக ஒளிர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.