கரையான்சாவடியில் ஒரு பழைய சிந்தசைசர்

விற்பனைக்கு என்று ஆன்லைனில் போட்டிருந்த படத்தில் ஏதோ ஒன்று சரியில்லை. பழைய சிந்தசைசரின் நடுவிலிருந்த சிறிய திரை பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதன் வயர் பிளக்கோடு சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, மேசைக்குக் கீழே தரையில் கிடந்தது. கிருஷ்ணப்பிரியா ஃபோனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வேறு வயர் எதுவும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னுகிறதாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

அதைவிட அவளை உறுத்தியது, இடது கோடியில் மூலை உடைந்திருந்த வெள்ளைக் கட்டை. அந்த உடைசல் அவளுக்குத் தெரியும். அது ஆசிமின் சிந்தசைசர்.

ஏழு வருடங்களுக்கு முன், ஆவடியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருவரும் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தார்கள். வேலை முடிந்த மாலைகளில் அவன் வாசிப்பான், அவள் பாடுவாள். ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு மெட்டு கேட்டபோது ஆசிம் மெட்டமைத்தான். மின்னஞ்சலில் அனுப்பியது அவள். அனுப்பும்போது ஒரே ஒரு பெயரைத்தான் போட்டாள், தன் பெயரை. அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று அன்று நினைத்தது உண்மை. சேர்க்கவேயில்லை என்பதும் உண்மை.

விளம்பரம் டிவியில் வந்த நாளில் ஆசிம் பதினோரு முறை அவளை அழைத்தான். அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று சாயங்காலம் பூந்தமல்லி பைபாஸில் லாரி மோதி அவன் இறந்துபோனான். ஒரு கையால் பைக்கை ஓட்டிக்கொண்டு, மறுகையில் ஃபோனோடு யாரையோ கூப்பிட்டுக்கொண்டே வந்தானாம். யாரை என்று யாருக்கும் தெரியவில்லை, அவள் ஒருத்தியைத் தவிர. அவள் ஜனாஸாவுக்குப் போகவில்லை.

இப்போது வாங்குவதா, வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தாள். முப்பது வருடப் பழசு. கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். ரிப்பேர் என்றால் பாகம் கிடைக்காது. இதைவிட நல்ல சத்தமெல்லாம் லேப்டாப்பிலேயே வருகிறது. வேண்டாம் என்பதற்கு இத்தனை காரணங்கள் இருந்தன. வேண்டும் என்பதற்கு ஒன்றுதான். அதன் மெமரியில் அந்த மெட்டு இருக்கலாம். இருந்தால் அது வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது. சீ, அப்படியில்லை, அவன் ஞாபகமாக வாங்குகிறேன் என்று உடனே மாற்றிக்கொண்டாள். எது நிஜம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் முகப்பேரிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினாள். கரையான்சாவடி மெயின் ரோட்டின் ஹாரன் சத்தமும் டீசல் புகையும் பரோட்டாக் கல்லின் எண்ணெய் வாசமும் தெரு திரும்பியதும் சட்டென்று அறுந்துபோயின. மழை கட்டியிருந்த வானம். பச்சை பெயிண்ட் அடித்த கதவை ஓர் அம்மா திறந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொட்டி பாக்க வந்த பொண்ணாமா? உள்ள வா. நான் அஷ்ரஃபுன்னிசா. எம்புள்ளயோடதுதான் அது."

"சரிங்கம்மா."

"நாலஞ்சு பேரு வந்து பாத்தாங்கோ. தட்டிப் பாக்கறாங்கோ, எதுவும் சொல்லாம போயிடறாங்கோ. இன்னான்னே புரியல." அவர் ஃபேனைப் போட்டார். "நீ பாடுவியாமா?"

"இல்லம்மா. சும்மா கத்துக்கலாம்னு."

"எம்புள்ள கூட ஒரு பொண்ணு பாடும். கிருஷ்ணா, கிருஷ்ணான்னு ஊட்ல எப்பப் பாரு அது பேச்சுதான். அவன் மவுத்தானப்ப அந்தப் பொண்ணு வரும்னு பாத்தேன். நாப்பதாம் ஃபாத்திஹா வரைக்கும் வாசலயே பாத்துகினு இருந்தேன். வரல." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உம்பேரு இன்னாமா?"

"சுவேதா" என்றாள்.

உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடித்தொண்டையில் யாரோ முனகியதுபோல ஒரே ஒரு கீழ் சுரம். ஃபேன் சத்தத்தில் கரைந்துபோனது. அஷ்ரஃபுன்னிசா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போய் பாரு. நான் டீ போட்டு எடுத்தாரேன்."

அந்த அறையில் மூடியே கிடந்த துணிமணியின் வாசமும் அந்துருண்டை நெடியும் இருந்தன. அவற்றுக்கு அடியில், மிக மெலிதாக, மழையில் நனைந்த சட்டையை யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல ஓர் ஈர வாடை. ஜன்னல் திரையை விலக்கினாள். வெளிச்சம் பெரிதாக வரவில்லை. சிந்தசைசரின் மேல் பூப்போட்ட பெட்ஷீட் விரித்திருந்தது. அதை எடுத்தபோது தூசி பறந்து தொண்டையை அடைத்தது. திரை இருண்டிருந்தது. அவளுக்கு ஒரு பெருமூச்சு வந்தது. தரையில் கிடந்த வயரிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி, சுவரில் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

திரை பச்சையாக விழித்தது. உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஓர் எச்சரிக்கை ஓடியது. அப்படியென்றால் மெமரி அழிந்திருக்கும். மெட்டு இருக்காது. வாங்க வேண்டியதில்லை. இந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இருந்தாலும் குமிழைத் திருகினாள். ஆசிம் சேமித்து வைக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைப்பான். முதல் பெயர் வந்தது. கிருஷ்ணா 1. அவள் கை நின்றது. பேட்டரி தீர்ந்த பெட்டியில் எப்படி? அடுத்தது கிருஷ்ணா 2. அடுத்தது 3. பெயர்கள் வரிசையாக வந்துகொண்டேயிருந்தன. கிருஷ்ணா 10. கிருஷ்ணா 11. அத்தோடு முடிய வேண்டும் என்று அவள் மனம் எதற்காகவோ வேண்டிக்கொண்டது.

பன்னிரண்டாவதும் இருந்தது.

சுவேதா.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். எழுத்து எழுத்தாக. பத்து நிமிடத்துக்கு முன் வாசலறையில் சொன்ன பொய். அவள் வாயிலிருந்து அந்த அம்மாவின் காதுக்குப் போன பொய். வேறு யாரும் கேட்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை அணையவில்லை.

சமையலறையில் பாத்திரம் உரசும் சத்தம். தெருவில் ஓர் ஆட்டோ. எல்லாம் வெகு தொலைவில். போய்விட வேண்டும். மன்னிக்கணும்மா, எனக்கு சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். பெட்ஷீட்டை எடுத்து மூடப் போனாள். மேசை இடறியது. விழாமலிருக்க வலது கையை ஊன்றினாள். கட்டைகளின் மேல்.

குளிர்ந்திருந்தன.

இடது பக்கம் ஒரு கட்டை தானாகக் கீழே இறங்கியது. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு மூன்று சேர்ந்து. அந்த விளம்பரத்தின் மெட்டு. டிவியில் வந்தது அதன் அவசரமான வடிவம். இது முதன்முதலில் ஆவடி மாடியில் அவன் வாசித்துக் காட்டியபோது இருந்த நிதானம். வயர் தரையில் கிடந்தது. சத்தம் வந்துகொண்டிருந்தது.

கையை இழுத்தாள். வரவில்லை.

கதவருகே அஷ்ரஃபுன்னிசா டீ கிளாசோடு நின்றார். "யா அல்லா. இது அவன் வாசிக்கறதாச்சே" என்றார். "நீ... நீதானா அந்தப் பொண்ணு?"

"நான்தாம்மா." அழுகை வெடித்தது. "நான்தான் கிருஷ்ணப்பிரியா. இந்த மெட்டு அவனோடது. அவன் பேர நான் போடல. அன்னிக்கு அவன் கூப்ட்டான், நான் எடுக்கல. எடுத்திருந்தா..."

ஏழு வருடமாகச் சொல்லாதது. சொல்லியாயிற்று. இப்போது விட்டுவிடும் என்று நினைத்தாள். நிச்சயமாக விட்டுவிடும்.

அந்த அம்மா கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. கண்களை மூடிக்கொண்டார்.

"போனது போவட்டும்மா. நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். நிறுத்தாத. இன்னும் கொஞ்ச நேரம் வாசி."

"அம்மா, நான் வாசிக்கல."

அவர் கேட்கவில்லை. தலை மெட்டுக்கு லேசாக ஆடியது.

"அம்மா. கண்ணத் திறங்க. அம்மா."

கிருஷ்ணப்பிரியா தன் கையைப் பார்த்தாள். அவள் அழுத்தவில்லை. ஆனாலும் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி இறங்கின. மேலிருந்து அழுத்தம் கூடக்கூட ஐந்து நகங்களும் வெளுத்தன. புறங்கையின் தோலில், அவளுடைய விரல்களைவிட நீளமான ஐந்து பள்ளங்கள் மெல்லப் பதிந்தன.