காலி முகவரியில் கைதட்டல்

கொன்செப்சியோனில் மதியத் தூக்க நேரத்தில் யாரும் யார் வாசலிலும் போய்க் கைதட்ட மாட்டார்கள். மற்ற வேளைகளில் விருந்தாளி வெளியே நின்று கைதட்டுவதும், உள்ளிருந்து "உள்ள வாங்க" என்று குரல் வருவதும்தான் ஊர் மரியாதை. இந்த வெயிலில் நாய்கூடக் குரைப்பதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்துவிடும். அதனால், எக்ஸ்ரே கிளினிக்கின் புதுக் கம்ப்யூட்டரை ஓடவைக்க வந்திருந்த டெர்லிஸ் அதை மறுபடி ஆன் செய்தபோது வாசலில் கேட்ட கைதட்டல் அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஜன்னல் பலகையை விலக்கிப் பார்த்தான். செம்மண் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

"யாரு?" பெஞ்சில் படுத்திருந்த நிமியா கேட்டாள்.

"என் ரசிகருங்க. வேலை முடிஞ்சதும் பாராட்டணும்னு வந்திருக்காங்க."

"ஓடுற கம்ப்யூட்டரை நிறுத்துறதுலதான உனக்குப் பேரு."

அவள் சிரிப்பு இருமலானது. இருமல் கைக்குட்டையில் முடிந்தது. கட்டிய மனைவியின் கைக்குட்டையைப் பார்க்கத் தைரியமில்லாத டெர்லிஸ், வீரமாகத் திரையைப் பார்த்தான்.

ஒரு மாதமாக இந்த இருமல். ஆறு ஏறித் தலைநகரச் சாலை முழுகிக் கிடந்தது. ஊரில் இருப்பது இந்த ஒரே எக்ஸ்ரே. அதன் பழைய கம்ப்யூட்டரை இடி தின்றுவிட்டது. எக்ஸ்ரே மென்பொருளோ பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தவிர வேறெதிலும் ஓடாது; அதைத்தான் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். டாக்டரம்மா சாவியை அவனிடம் கொடுத்து, கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தால் இன்றே நிமியாவுக்குப் படம் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருந்தார்.

சிக்கல் சின்னதுதான். பழைய சிஸ்டம் திரையை எழுப்ப, நினைவகத்தில் ஒரு பழைய முகவரிக்குப் போய்க் கேட்கும். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்த இடம் காலி மனை. பதில் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். யார் வந்தாலும் "உள்ள வாங்க" என்று பொய் சொல்ல ஒரு குட்டி நிரலை எழுதி அங்கே குடிவைத்திருந்தான். வந்தது யார் என்று பார்க்கிற புத்தியை அதற்குக் கொடுக்கவில்லை. எழுதியவனுக்கே அது கொஞ்சம் குறைவு.

நிரலைத் திருத்தி மீண்டும் ஆன் செய்தான். கறுப்புத் திரையில் சின்னம் வந்து உறைந்தது.

கைதட்டல்.

இப்போது வாசலில் இல்லை. மருந்து நெடியும் சூடேறிய ஓட்டின் வாசனையும் கலந்த, வாசலிலிருந்து அறைக்கு வரும் நீள நடைவழியில், பலகை இடுக்குகளின் வழியே விழுந்த வெயில் கோடுகள் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து தெளிந்தன, யாரோ அவற்றின் குறுக்கே நிதானமாக நடந்து வருவதைப்போல. கம்ப்யூட்டரை அணைத்தான். கோடுகள் அசையாமல் கிடந்தன. எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. நிமியா மறுபடி இருமினாள்.

இன்னும் ஒரே ஒரு தடவை.

ஆன் செய்தான். சின்னம். உறைவு.

கைதட்டல் அறைக்குள் கேட்டது. முதுகுக்குப் பின்னால். மரியாதையாக. காத்திருந்து, மறுபடியும்.

பழக்கத்தில் அவன் வாய் திறந்தது. கையால் பொத்திக்கொண்டான். பதில் சொல்லாதே என்று அவளுக்குச் சைகை காட்டத் திரும்பினான்.

நிமியாவின் கண்கள் மூடியிருந்தன. அரைத் தூக்கம். நல்ல வளர்ப்பு.

"உள்ள வாங்க," என்றாள்.

இருமல் நின்றது.

திரை எழுந்தது. பிசிறில்லாத வண்ணங்கள். எக்ஸ்ரே மென்பொருள் தானாகத் திறந்தது. பக்கத்து அறையில் எக்ஸ்ரே இயந்திரம் பூட்டிக் கிடந்தது. அவன் எதையும் தொடவில்லை.

படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. தோள். கழுத்தெலும்பு. சைக்கிளிலிருந்து விழுந்ததில் முறிந்து, கோணலாக ஒட்டிய இடது விலா.

நிமியாவின் விலா.

விலாக்கூட்டுக்குள்ளே நுரையீரல் இல்லை. இரண்டு கைகள். சின்னச் சின்ன எலும்புகள். விரித்த விரல்கள். உள்ளங்கையோடு உள்ளங்கை.

பெஞ்சிலிருந்து ஒரு சத்தம். அவள் தோலுக்கு அடியிலிருந்து. மெதுவாக. மரியாதையாக.

திரையில் அந்தக் கைகள் விலகின.

பெஞ்சில், நிமியாவின் மார்பு அதே அளவுக்கு உயர்ந்தது.