மேசைக்கு அடியில் ஒரு ஸ்கீ

எங்கள் வீட்டில் செருப்பு விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு.

அம்மா பிரிக்கும் கட்சி. கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலுக்கு இந்தப் பக்கம் கழற்றுவார். மற்றதை அந்தப் பக்கம் கொண்டுபோய், யாரோ ஒருவருடைய பெரிய பூட்ஸுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்.

"ஒற்றைச் செருப்பை ஆர் களவெடுப்பினம்?" என்பது அம்மாவின் கேள்வி.

அப்பா சேர்க்கும் கட்சி. வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் தொண்டு செய்கிறவர் அவர். தனியாகக் கிடக்கும் செருப்பைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. அதன் சோடியைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைப்பார். பிறகு எல்லாச் செருப்பின் மூக்கும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

அதனால் என்ன நடக்கும்? அம்மா பிரித்து வைத்துவிட்டு உள்ளே போவார். அப்பா சேர்த்து வைப்பார். அம்மா வெளியே வந்து, ஒளித்த இடத்தில் செருப்பு இல்லாமல், "ஐயோ, என்ர செருப்பு!" என்று கத்துவார். ஒவ்வொரு வெள்ளியும் இதே கூத்து.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பனிச்சறுக்குப் போட்டி அன்று நடந்த கதைக்கு இந்த இரண்டு கட்சிகளும்தான் காரணம்.

என் பெயர் தர்மிகா. வயது பதினொன்று. லண்டனில் மலையும் இல்லை, கேட்டவுடன் விழும் பனியும் இல்லை. ஆனால் நோர்பரியில் எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் ஒரு செயற்கைச் சரிவு இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை பல் துலக்கும் பிரஷ் மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் முட்கள். அதில்தான் சறுக்குவோம். விழுந்தால் முழங்கை எரியும். எனக்கு எத்தனை தடவை எரிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த இடம் எனக்கு உயிர்!

காலில் பூட்டிச் சறுக்குகிற ஸ்கீகளை அங்கேயே வாடகைக்கும் தருவார்கள். ஆனால் அவற்றின் அடிப்பக்கம் முழுக்கக் கீறல். போட்டிக்குச் சரிவராது. அதனால் எங்கள் மேல்வீட்டு அஞ்சலீனா அக்கா தன்னுடைய ஸ்கீகளை எனக்கு இரவல் தந்தார். அக்கா குள்ளம், நான் நெட்டை. அளவு அப்படியே பொருந்தியது. நல்ல நீலம். நுனியில் ஒரு ஆரஞ்சுக் கோடு.

"ஞாயிற்றுக்கிழமை நான் பிரான்சுக்குப் போறன், உண்மையான பனிமலைக்கு. அதுக்கு இது வேணும்," என்றார் அக்கா. "நீ விழுந்து உடைஞ்சாலும் பரவாயில்லை. இது உடையக் கூடாது, துலையவும் கூடாது. விளங்குதோ?"

"ஓம் அக்கா."

ஒவ்வொரு ஸ்கீயின் வால் பக்கத்திலும் அக்கா கறுப்பு மையால் தமிழில் ஏதோ எழுதியிருந்தார். வாசித்துவிட்டுச் சிரித்தேன். என்ன எழுதியிருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டையும் ஒரு கறுப்பு உறையில் போட்டு அப்பாவின் காரில் ஏற்றினேன். அப்பா உறையைத்தான் பார்த்தார். உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"மத்தியானம் எல்லாருக்கும் ரோல்ஸ் கொண்டு வாறன்," என்று சொல்லி என்னை இறக்கிவிட்டுப் போனார் அப்பா. ரோல்ஸ் என்றால் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த பலகாரம்.

உள்ளே போனால், படியில் என் நண்பன் கஸ்பர் தனியே உட்கார்ந்திருந்தான். கஸ்பர் சறுக்குவது ஸ்னோபோர்டில். அது ஒரே பலகை, இரண்டு காலும் அதன் மேலே. அவன் பலகையில் ஒரு பச்சை மீன் ஒட்டியிருக்கும். அன்று பலகையும் இல்லை, மீனும் இல்லை.

"என்ர போர்ட்டைக் காணேல்லை," என்றான். "தண்ணி குடிக்கத்தான் போனனான். திரும்பி வந்து பாத்தா இல்லை."

கஸ்பர் வாய் மூடாமல் பேசுகிறவன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்கள் பயிற்சியாளர் அஜந்தா அக்கா எல்லா இடமும் தேடிவிட்டு வந்தார்.

"ஆரோ எடுத்திட்டினம். கேமரா அந்த மூலையைப் பாக்காது," என்றார். "கஸ்பர், வாடகைப் போர்ட் ஒண்டு எடுத்துத் தாறன். மற்ற ஆக்கள், உங்கட சாமான் கவனம்!"

கவனம் என்றால் எப்படி? மத்தியானம் எல்லோரும் கன்டீனுக்குள் போகவேண்டும். அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் போட்டி விதிகளும் சொல்வார்கள். ஸ்கீகளை வெளியே இருக்கும் இரண்டு ராக்குகளில் சாத்திவிட்டுப் போவதுதான் வழக்கம். ஒரு ராக் கதவுக்குப் பக்கத்தில். மற்றது வேலியோரம்.

அஞ்சலீனா அக்காவின் ஸ்கீ தொலைந்தால்? நான் எந்த முகத்தோடு மேல்வீட்டுப் படி ஏறுவேன்?

அப்போதுதான் அம்மாவின் செருப்பு ஞாபகம் வந்தது. அங்கே உட்காரப் போட்டிருந்த ஒரு மர வாங்கில் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்கோ! ஒரு ஸ்கீயை இந்த ராக்கில வையுங்கோ. மற்றதை அந்த ராக்கில. சோடியா வைக்காதீங்கோ!"

"கோயில்ல உன்ர அம்மா செருப்பு வைக்கிற மாதிரியோ?" என்றான் கஸ்பர். "உனக்கு விசரே?"

"ஒற்றை ஸ்கீயை வைச்சுக் கள்ளன் என்ன செய்வான்? கெந்திக் கெந்தியே மலையால இறங்கிறது?"

கஸ்பர் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப என்ர போர்ட்? அது ஒண்டுதானே. ரெண்டா வெட்டியிருக்கோணுமோ?"

அவன் பகிடி விட ஆரம்பித்துவிட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

எல்லோரும் சிரித்துக்கொண்டே தங்கள் ஸ்கீகளைப் பிரித்து வைத்தார்கள். எனக்கு மட்டும் அதுவும் போதவில்லை. ஒன்றைத்தான் கதவுப் பக்க ராக்கில் சாத்தினேன். மற்றதை என் ஜாக்கெட்டால் மூடி, மெதுவாகக் கன்டீனுக்குள் கொண்டுபோய் மேசைக்கு அடியில் தள்ளினேன். என் இரண்டு காலையும் அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

அஜந்தா அக்கா விதிகளைச் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஓரிடத்தில் சும்மா இருக்க வராது. யன்னலால் எட்டிப் பார்த்தேன்.

வெளியே அப்பா! ரோல்ஸ் பெட்டியை வாங்கில் வைத்துவிட்டு, ராக்குகளுக்கு நடுவில் நின்றார். ஒரு ராக்கில் இருந்து சிவப்பு ஸ்கீயை எடுத்தார். அடுத்த ராக்குக்கு நடந்தார். அங்கேயிருந்த சிவப்பு ஸ்கீக்குப் பக்கத்தில் வைத்தார். குனிந்து, மூக்குகள் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தார்.

"ஐயோ," என்றேன்.

கஸ்பரும் பார்த்தான். "உன்ர அப்பா கடை போட்டுக் குடுக்கிறார்," என்றான்.

அப்போது மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு ஆள் அப்பாவிடம் வந்தார். அவர் கையில் ஒற்றை ஸ்கீ. நீலம். நுனியில் ஆரஞ்சுக் கோடு.

நான் கதவுப் பக்க ராக்கில் சாத்திய ஸ்கீ!

அந்த ஆள் ஏதோ சொன்னார். அப்பா தலையாட்டினார். அவரை வாங்கில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பெட்டியைத் திறந்து இரண்டு ரோல்ஸ் கொடுத்தார். பிறகு அப்பா ஒவ்வொரு ராக்காகக் குனிந்து குனிந்து தேட ஆரம்பித்தார்.

"என்ன தேடுறார்?" என்றான் கஸ்பர்.

"அக்கான்ர மற்ற ஸ்கீயை."

"ஆருக்கு?"

"கள்ளனுக்கு."

கஸ்பர் யன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான்.

எனக்கு ஓடிப்போய்க் கத்தவேண்டும் போல இருந்தது. பாதி எழும்பியும் விட்டேன். ஆனால் வெளி வாசல் அந்த வாங்குக்குப் பக்கத்தில். கத்தினால் அந்த ஆள் ஸ்கீயோடு ஓடிவிடுவார். நான் திரும்ப உட்கார்ந்தேன்.

யோசி, தர்மிகா, யோசி. சோடி கிடைக்கும்வரை அவர் போக மாட்டார். சோடியோ என் காலுக்குக் கீழே இருக்கிறது!

மெதுவாக எழுந்து அஜந்தா அக்காவின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா யன்னலால் ஒருதரம் பார்த்தார். இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியை எடுத்து, வாசலைச் சாத்தச் சொல்லிக் காவலாளியிடம் தணிந்த குரலில் பேசினார்.

"என்ர பக்கத்திலேயே நில். தனியப் போகாத," என்றார் என்னிடம்.

நான் மேசைக்கு அடியில் இருந்த ஸ்கீயை எடுத்தேன். வால் பக்கத்து எழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். அஜந்தா அக்கா, கஸ்பர், நான் மூன்று பேரும் வெளியே நடந்தோம்.

"பிள்ளை, நல்ல நேரம் வந்தாய்!" என்றார் அப்பா. "இந்த மனுசன்ர மற்ற ஸ்கீயைக் காணேல்லையாம். பாவம், எவ்வளவு நேரமாத் தேடுறார். அட! உன்ர கையில இருக்கே!"

அந்த ஆள் துள்ளி எழுந்தார். "அதேதான்! என் மகனுடையது," என்றார் ஆங்கிலத்தில்.

எழுத்தை மூடியிருந்த கையை நான் எடுக்கவில்லை.

"அப்படியா?" என்று நானும் ஆங்கிலத்தில் கேட்டேன். "உங்கள் கையில் இருப்பதில், வால் பக்கம் என்ன எழுதியிருக்கிறது?"

அவர் ஸ்கீயைத் திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் சரித்தார். அந்தப் பக்கம் சரித்தார்.

"இதுவா? கம்பனியின் பெயர்," என்றார். "ஜப்பான் கம்பனி."

அப்பாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. கண்ணாடியை மூக்கில் இறக்கிக் குனிந்து, உரத்து வாசித்தார்.

"தொட்டால் அடி விழும். இப்படிக்கு, அஞ்சலீனா."

அப்பா அந்த ஆளைப் பார்த்தார். ஸ்கீயைப் பார்த்தார். பிறகு அந்த ஆளின் கையில் இருந்த பாதி ரோல்ஸைப் பார்த்தார்.

"எங்கட மேல்வீட்டு அஞ்சலீனாவோ?"

"ஓம் அப்பா."

அந்த ஆள் ஸ்கீயை வாங்கில் வைத்தார். ரோல்ஸையும் வைத்தார். பிறகு விறுவிறு என்று வாசலுக்கு நடந்தார். வாசல் சாத்தியிருந்தது. அதன் முன்னால் காவலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

போலீஸ் வந்து அவருடைய வான் வண்டியைத் திறந்தது. உள்ளே, ஒரு போர்வைக்கு அடியில், பச்சை மீன் ஒட்டிய ஸ்னோபோர்ட்!

கஸ்பர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நல்லவேளை, ரெண்டா வெட்டேல்லை," என்றான்.

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் வாங்கில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கள்ளனுக்கு உதவி செய்ய வெளிக்கிட்டிட்டன் பிள்ளை," என்றார்.

"நீங்க இருத்தி வைச்சபடியாத்தானே அப்பா அவர் நிண்டவர். இல்லாட்டி எப்பவோ போயிருப்பார். உங்கட ரோல்ஸ்தான் அவரைப் பிடிச்சது."

அப்பா நிமிர்ந்தார். "மெய்யாவோ?"

"மெய்யா."

"ஒண்டரை சாப்பிட்டவன்," என்றார் அப்பா. முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "நல்லாயிருக்கு எண்டும் சொன்னவன்."

போட்டி தொடங்கியது. எல்லா ஸ்கீகளும் சோடி சோடியாக, மூக்கு மூக்காக நின்றதால் ஒருவரும் தேடி அலையவில்லை. நான் இரண்டாவதாக வந்தேன். அஞ்சலீனா அக்காவின் ஸ்கீயில் ஒரு கீறல்கூட விழவில்லை.

இரவு வீட்டில் இரண்டு கட்சிகளும் மோதிக்கொண்டன.

"பாத்தீங்களே, பிரிச்சபடியாத்தான் தப்பினது!" என்றார் அம்மா.

"சேர்க்க வெளிக்கிட்டபடியாத்தான் பிடிபட்டவன்!" என்றார் அப்பா.

நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டிவிட்டு, ஸ்கீகளைக் கொடுக்க மேல்வீட்டுக்கு ஓடினேன். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அஞ்சலீனா அக்கா ஒரு ஸ்கீயை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏன் இது ரோல்ஸ் மணக்குது?"

"துடைச்சனான் அக்கா. அது போகுதில்லை."

இரண்டு நாள் கழித்துப் பிரான்சிலிருந்து அக்காவின் படம் ஒன்று வந்தது. பெரிய வெள்ளை மலை. அதன் அடியில் ஒரு நீண்ட ராக். நூறு சோடி ஸ்கீகளுக்கு நடுவில் நீலமாக, ஆரஞ்சு நுனியோடு, ஒற்றை ஸ்கீ. கீழே ஒரே ஒரு வரி: "மற்றது எங்க எண்டு உனக்கும் சொல்ல மாட்டன்!"

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, வென்றுவிட்டேன் என்பதுபோல் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா போனைத் தன் கையில் வாங்கினார். படத்தைப் பெரிதாக்கினார். இடது பக்கம் நகர்த்தினார். வலது பக்கம் நகர்த்தினார்.

"என்னப்பா செய்யிறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை பிள்ளை," என்றார் அப்பா, கண்ணை எடுக்காமல். "மற்றது இங்கதான் எங்கேயோ நிக்கும்."