படகுக்கு முதலில் வந்தவன்

கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த ஐஸைச் சுரண்டும்போதுதான் நிலக்சி அதைக் கவனித்தாள். அவள் வாயிலிருந்தும், பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்த ஏழு வயது மகள் துவாரகாவின் வாயிலிருந்தும் மூச்சு வெண்புகையாய்ப் போய்க்கொண்டிருந்தது. கணவன் ஜதுர்சன் மறுபக்கக் கண்ணாடியை வேகவேகமாகச் சுரண்டினான். மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவன் வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

"என்ன பார்க்கிறீர்?"

"ஒண்டுமில்லை."

கரீபியனிலிருந்து திரும்பி இரண்டு கிழமைதான். கலியாண நாளுக்காக, துவாரகாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, இருவரும் ஸ்கூபா டைவிங் போயிருந்தார்கள். கடைசி நாள் பவளப்பாறைச் சுவர். ஒரு பக்கம் ஊதா விசிறிகளாய்ப் பவளங்கள் அசையும் செங்குத்துப் பாறை; மறுபக்கம் நீலம், இறங்க இறங்க மையாய்க் கறுத்துப்போகும், அடியே இல்லாத நீலம். அங்கே, எவரோ கூப்பிட்டது போல, ஜதுர்சன் தலைகீழாய்த் திரும்பி இறங்கத் தொடங்கினான். துரத்திப் போய்க் கையைப் பிடித்தாள். இழுத்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் காற்றும் முடிந்துகொண்டிருந்தது. விரல்கள் வழுக்கின. கீழிருந்து அவனுடைய குமிழிகள் கொஞ்ச நேரம் அவளைத் தாண்டி மேலே போயின. பிறகு அவையும் நின்றுவிட்டன.

அழுதபடி அவள் மேலே வந்தபோது, ஜதுர்சன் படகில் இருந்து துவாயால் தலை துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க போனனீர்? உம்மைத்தான் தேடினனான்."

அவனை யார் ஏற்றிவிட்டார்கள் என்று படகில் ஒருவருக்கும் தெரியவில்லை. நிலக்சி அவனிடம் கேட்கவில்லை. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அது போதுமாயிருந்தது.

இப்போது, அவர்கள் குடியிருக்கும் அஜின்கோர்ட்டில், கொண்டோக் கட்டடமொன்றின் பன்னிரண்டாம் மாடியில், எத்தனை தரம் துவைத்துப் போட்டாலும் படுக்கை விரிப்பில் வற்றிய கடலின் வாடை ஏறிக்கொண்டேயிருந்தது. பாசியும் அழுகிய சிப்பியும் கலந்த, ஈரமான, கனமான வாடை. ஒரு நாள் அவன் மார்பில் காதை வைத்தாள். இதயம் துடிக்கவில்லை. எங்கோ ஆழத்தில் தண்ணீர் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது.

வேலையிடத்துப் படிக்கட்டில் நின்று அக்காவுக்கு ஃபோன் எடுத்தாள். "அக்கா, இவர் அவரில்லை."

"அங்க பயந்தது இன்னும் போகேல்லையடி உனக்கு. டொக்டரிட்டக் காட்டு."

"நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன். கதவைத் திறந்து வை."

அவள் வீடு சேர்ந்தபோது பொழுது பட்டுவிட்டிருந்தது. துவாரகாவின் புத்தகப்பை கதவடியில் கிடந்தது. அறைகள் வெறுமை. குளியலறையில் காயப்போட்டிருந்த பிள்ளையின் நீச்சலுடையைக் காணவில்லை.

லிஃப்ட் நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கியது. நீச்சல்குளத்துக்குப் போகும் நீண்ட நடைவழியில் ட்யூப்லைட் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. வழக்கமாக மூக்கை எரிக்கும் குளோரின் நெடி இல்லை. பாசி. சிப்பி.

"துவாரகா!"

சுவர்கள் திருப்பிச் சொல்லின. குளத்தில் அலை இல்லை. கரையில் இரண்டு சோடிச் செருப்புகள். பெரிது. சிறிது.

விளிம்புக்குப் போனாள்.

ஆழமான பக்கத்தில், அடித்தளத்தில், இருவரும் சம்மணமிட்டு எதிரெதிரே இருந்தார்கள். துவாரகாவின் கூந்தல் நேர்மேலே எழுந்து நின்றது. கண்கள் திறந்திருந்தன. தகப்பன் விரல்விட்டு ஏதோ விளங்கப்படுத்த, அவள் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

குளிர்கோட்டுடனேயே குதித்தாள் நிலக்சி. அடிவரை போனாள். பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கல். குளிர்ந்த கல். மறுபடி இழுத்தாள். நெஞ்சு எரிந்தது. மேலே போகவேண்டும். ஒரு மூச்சுக்கு. ஒரேயொரு மூச்சு.

துவாரகா நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீருக்குள், காதுக்குள் சொல்வது போல், தெளிவாகக் கேட்டது.

"அம்மா, கொஞ்ச நேரந்தான் நோகும்."

சின்ன விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி மெதுவாக மூடிக்கொண்டன.