இருபதாம் தேதி அம்மா

சமையலறை அலமாரி துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. அரிசி மூட்டை இல்லை, எண்ணெய் இல்லை, பருப்பு இல்லை. அதன் எதிரே வீட்டுக்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தொன்றாம் தேதி, காலை ஒன்பதரை. இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அன்று யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை. அவளோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்த தோழிக்கு முந்தின நாள்தான் பதவி உயர்வு வந்திருந்தது. ஸ்டேஷன் முழுக்க இனிப்பு. இவள் தன் பங்குத் துண்டைக் காகிதத்தில் சுற்றி மேசை டிராயருக்குள் தள்ளினாள். சிரித்த முகமாக வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், தோழியின் புதுச் சீருடைப் படத்தைப் போனில் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் மூன்று மாடி ஏறி வந்தால், மளிகைத் திருட்டு. அவளுக்குப் பெரிய நாற்காலி, எனக்குப் பருப்பு டப்பாவா என்று மனசுக்குள் பொருமினாள்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன மேடம், எதிர் வீட்டுக்காரிதான். என் ஓரகத்தி. நாலாம் தேதி."

"நாலாம் தேதியா திருடினா?"

"ஐயோ, அவ பேரே அதுதான் மேடம். இங்க எல்லாருக்கும் அப்படித்தான் பேரு. நான் இருபதாம் தேதி."

கூட வந்த கான்ஸ்டபிள் இதே மாதிரிக் கட்டடத்தில் வளர்ந்தவர். அவர் விளக்கினார். அரசாங்கம் மாதாமாதம் உணவு அட்டையில் உதவிப் பணம் ஏற்றும். எல்லோருக்கும் ஒரே நாளில் ஏற்றினால் கடைகள் தாங்காது. அதனால் அட்டையின் கடைசி எண்ணை இரட்டித்தால் வருவதுதான் அவரவர் தேதி. இரண்டில் முடிந்தால் நாலாம் தேதி. சைபரைப் பத்தாக எடுத்துக்கொள்வார்கள்; அதில் முடிந்தால் இருபது வரை வாயைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் அடுப்பு எரிவதே அந்தக் கணக்கில்தான். அதனால் எட்டாம் தேதித் தாத்தா, பதினாறாம் தேதி டெய்லர் என்று தேதிகளே பெயர்களாக ஒட்டிக்கொண்டன.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இந்த இருவருக்குள் ஒரு ஏற்பாடும் இருந்தது. நாலாம் தேதி முதல் சின்னவள் இரண்டு குடும்பத்துக்கும் சமைப்பாள். இருபதாம் தேதி முதல் பெரியவள் முறை. புருஷன்மார் இருவரும் கப்பல் வேலைக்குப் போனவர்கள், எப்போதாவது வருபவர்கள்.

"நேத்து சாயங்காலம் பணம் ஏறுச்சு," என்றாள் பெரியவள். "இருட்டின பிறகு கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். புள்ளைங்க தூங்கினதும் அலமாரியில அடுக்கினேன். காலையில அதுங்களை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து பார்த்தா எல்லாம் போச்சு. வாசல் பூட்டு பூட்டினபடி இருக்கு. மாத்துச் சாவி அவகிட்டதான் இருக்கு."

"அட்டையைக் கொடும்மா. புகார்ல நம்பர் எழுதணும்."

அட்டை பளபளவென்று இருந்தது.

"புதுசா?"

"பழசு வாஷிங் மெஷின்ல போய் உடைஞ்சிடுச்சு மேடம். போன மாசம் மாத்தினேன்."

கான்ஸ்டபிள் நம்பரைப் படிக்க, இன்ஸ்பெக்டரம்மா அசிரத்தையாக எழுதினாள். "...எட்டு, ஒண்ணு, ஏழு, மூணு." மேலே புகார்தாரர் என்ற இடத்தில் பெயருக்குப் பக்கத்தில் 'இருபதாம் தேதி அம்மா' என்றும் எழுதி வைத்தாள்.

எழுந்திருக்கும்போது அலமாரிக்கு அடியில் ஏதோ தென்பட்டது. குனிந்து எடுத்தாள். ஒரு உருளைக்கிழங்கு. திருடியவள் அவசரத்தில் தவறவிட்டது போலும். சுருங்கிப்போய், விரல் நீளத்துக்கு வெள்ளை முளை விட்டிருந்தது. பையில் போட்டுக்கொண்டாள்.

படுக்கையறையையும் எட்டிப் பார்த்தாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம். கட்டில்மேல் நாலைந்து கம்பளிகள் குவிந்து கிடந்தன.

"துவைக்க எடுத்து வெச்சேன்," என்றாள் பெரியவள், கேட்பதற்கு முன்பே.

எதிர் வீட்டில் சின்னவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சமையலறையில் ஒரு பிடி மாவும் பாதி வெங்காயமும்தான் மிச்சம்.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

"நான் எடுக்கலை மேடம்."

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமா."

"காலையில எங்க இருந்தே?"

"வீட்டுலதான். தனியா."

"உதவிப் பொருளைத் திருடினா அட்டையே ரத்தாயிடும். தெரியுமா?"

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. "குழந்தைக்குப் பால்பவுடரே அந்த அட்டையிலதான் மேடம் வருது."

"அப்போ உண்மையைச் சொல்லு. உங்க அக்கா எதுக்கு உன்மேல பழி போடணும்?"

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

வராந்தாவிலிருந்து பெரியவளின் குரல் பாய்ந்தது. "வாயைத் திறக்க மாட்டா மேடம், அமுக்கி! இப்படிப் பூனை மாதிரி இருந்துதான் என் புள்ளைங்களை மயக்கி வெச்சிருக்கா. எதுக்கெடுத்தாலும் சித்தி, சித்தி! இனிமே திருடி வீட்டு வாசல்ல எதுவும் கால் வைக்காது!"

இன்ஸ்பெக்டரம்மாவின் காது அங்கே நின்றது. பசித்த வீட்டில் அரிசி போயிருக்கிறது. இவளோ அரிசியை விட்டுவிட்டுச் 'சித்தி'யைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். அந்த எரிச்சல் எந்த இடத்திலிருந்து கிளம்பும் என்று நேற்று முழுக்க வெந்தவளுக்குத் தெரியாதா? பையிலிருந்த கிழங்கைத் தொட்டுப் பார்த்தாள். புகாரை எடுத்து மறுபடி படித்தாள். மேலே இருபது. கீழே மூணு.

"ரெண்டு பேரும் இங்க வாங்க," என்றாள்.

பெரியவளின் வீட்டுக்குள் மூவரும் நின்றார்கள். கான்ஸ்டபிள் வாசலை அடைத்து நின்றார்.

"இந்தக் கிழங்கு நேத்து கடையில வாங்கினதாம்மா?"

"ஆமா மேடம்."

"ஒரே ராத்திரியில இவ்வளவு முளையா? இருட்டு அலமாரிக்குள்ள ரெண்டு வாரமாவது கிடந்திருக்கணும். அப்புறம், உன் அட்டை எதுல முடியுது?"

பெரியவள் அட்டையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"மூணுல. மூணை இரட்டிச்சா ஆறு. அட்டை மாறின அன்னிக்கே உன் தேதியும் மாறிடுச்சு. பணம் ஆறாம் தேதியே ஏறியாச்சு. நேத்து உனக்கு எதுவும் வரலை. ஆனா இந்தக் கட்டடத்துக்கே நீ இருபதாம் தேதி. பேரைத்தான் எல்லாரும் பார்த்தாங்க, அட்டையை யாரும் பார்க்கலை. நம்பரை என் கையாலேயே எழுதிட்டு நானும்தான் ஏமாந்தேன். உணவு ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்கவா?"

"வேண்டாம்..."

"இந்தப் புழுக்கத்துல கம்பளியை எதுக்கு வெளிய எடுத்தே? அது இருந்த பெட்டியில இப்போ என்ன இருக்கு?"

கான்ஸ்டபிள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய தகரப் பெட்டியை இழுத்தார். மூடியைத் திறந்ததும் அரிசி மூட்டை தெரிந்தது. பிரிக்காத எண்ணெய், பிரிக்காத பருப்பு, பக்கத்தில் முளைவிட்ட கிழங்குகள்.

"எதையும் தொடக்கூட இல்லையே!" என்றார் கான்ஸ்டபிள்.

பெரியவள் உடைந்துபோனாள். "தினம் ராத்திரி அலமாரியைத் திறந்து திறந்து பார்ப்பேன் மேடம். அவ வீட்டுல குறையக் குறைய என் வீட்டுல நிறைஞ்சு இருக்குதுன்னு அப்படி ஒரு திருப்தி. நான் வாங்கறப்போ எப்பவும் கடையில நல்ல சாமான் தீர்ந்து போயிருக்கும். அவளுக்கு மட்டும் மாசம் பிறந்ததுமே எல்லாம் புதுசு. என் பொண்ணு போன வாரம் கேட்கறா, 'நாம ஏம்மா சித்தி வீட்டுலயே இருக்கக் கூடாது'ன்னு. எனக்கு எப்படி இருக்கும்? திருடின்னு பேர் வந்தா அதுங்க அங்க போறதை நிறுத்தும்னு நினைச்சேன்."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் சின்னவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆறாம் தேதி ராத்திரி நீங்க மூட்டையைத் தூக்கிட்டு வந்ததைக் கதவிடுக்குல பார்த்தேங்க்கா."

"பார்த்துட்டுமா மூணு வேளையும் எங்களுக்குச் சமைச்சுப் போட்டே?"

"சொல்லியிருந்தா புள்ளைங்க உங்க வீட்டுலயே சாப்பிட ஆரம்பிச்சிருக்கும்." சின்னவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். "அதுங்க என் தட்டுல சாப்பிடறதை நீங்க பார்க்கணும்னு எனக்கும் ஒரு ஆசை."

இன்ஸ்பெக்டரம்மா புகார்த் தாளை எடுத்து நீட்டினாள். "பொய்ப் புகாருக்கும் அட்டை ரத்துதான். இந்தப் புகாரை இன்னும் பதிவு பண்ணலை. என்ன செய்யலாம்?"

"வாபஸ் வாங்காட்டியும் பரவாயில்லைக்கா," என்றாள் சின்னவள். "உங்க அட்டை போனா என்ன? மாசம் முழுக்கப் புள்ளைங்க என் வீட்டுல சாப்பிட்டுக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

குரலில் தேன் சொட்டியது. இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அது பழகிய குரல். நேற்று தோழிக்கு வாழ்த்துச் சொன்னதும் இதே குரலில்தான்.

பெரியவள் கண்ணைக்கூடத் துடைக்காமல் எழுந்தாள். "பேனா கொடுங்க மேடம்!"

புகார் வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கையோடு பெட்டியிலிருந்து அரிசி மூட்டையைத் தரதரவென்று அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"இன்னிக்குச் சமையல் இங்கதான்," என்றாள் அங்கிருந்தே. "நீயும் குழந்தையைத் தூக்கிட்டு வந்து சாப்பிடு. புள்ளைங்க பார்க்கட்டும்."