மூடி போட்ட ரோல்

கழுவி எடுத்த ஃபிலிமில் ஏதோ பதிந்திருந்தது. பதிந்திருக்க வழியே இல்லை.

அலமாரி நிறையப் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களைச் சேர்த்து வைத்திருக்கிற மனுஷனுக்கு அதுகளின் குறும்பு தெரியாதா என்ன? கண் பார்ப்பது லென்ஸுக்குப் பக்கத்திலிருக்கும் குட்டி ஜன்னல் வழியாக, படம் விழுவது லென்ஸ் வழியாக. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். அதனால்தான் அவர் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் மனைவி, "துரை, மூடியைக் கழட்டியாச்சா?" என்று சீண்டுவாள். கேட்ட கையோடு தானே கழற்றி அவர் சட்டைப் பையில் போடுவாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை. ரோல் முழுக்க அவளையே எடுத்துத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் மூடியைப் பார்த்தார்.

அவள் போனபோதும் அழுகை வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. மகளிடம் உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"அம்மாவோட கடைசி போட்டோவ இன்னும் கழுவலையாப்பா?" காலையில்கூட போனில் கேட்டாள். "சாயங்காலம் வரேன். எனக்கு அது ஒண்ணு போதும்."

"கழுவிடறேம்மா."

வெற்று ஃபிலிமைக் காட்டியாவது மன்னிப்புக் கேட்கலாம் என்று, நாளெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசியில் குளியலறைக் கதவிடுக்கில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது மருந்தின் புளிப்பு நெடி தொண்டைவரை ஏற, குழாய் விடாமல் சொட்ட, ஈர ஃபிலிமைப் பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கட்டிலில் படுத்திருப்பவர் பார்ப்பதுபோல், படத்தில் அவரே நின்றார். கண்ணருகே கேமரா. லென்ஸில் மூடி.

அடுத்த படத்தில், கீழிருந்து ஒரு கை. அதற்கடுத்ததில் இன்னும் நீண்டிருந்தது. விரலில் அவளுடைய மோதிரம்.

அன்று அவள் கையை அசைக்கவே இல்லை.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை.

கை மூடியைத் தொட்டது. அடுத்த படத்தில் மூடி இல்லை.

அப்புறம் ஆஸ்பத்திரியே இல்லை. குளியலறைச் சுவர். பல்பு. ஃபிலிமைத் தூக்கிப் பிடித்த ஒரு முதுகு.

கடைசிப் படம். அதே முதுகு. வெகு அருகில். தோளுக்கு மேலாக அந்தக் கை.

குழாய் சொட்டுவது நின்றது.

சட்டைப் பையில் ஏதோ விழுந்தது. வட்டமாக. சில்லென்று.

மகள் வெளியே கதவைத் தட்டினாள். "அப்பா, அம்மா போட்டோ நல்லா வந்திருக்கா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். குனிந்து பார்த்தார்.

அந்தக் கை இன்னும் பையிலேயே இருந்தது.